செம்மல் கொடுத்த ரேசர்

கண்டக்டரின் கன்னத்தில் ரத்தம் வந்ததற்கு அவருடைய கைதான் காரணம் என்று மேலாளர் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பைக் கண்டக்டரே நம்பிவிட்டதைத்தான் அவருடைய அறைத்தோழர் ரிஜெக்ட்டால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தீர்ப்பு சொல்லப்பட்ட இடம் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம். ஒருவர் இருமினால் கடைசி மேசைவரை கேட்கிற கூடம்தான். இருந்தாலும் மேலாளருக்கு மைக் வேண்டும். அதைத் தட்டிப் பார்த்து, ஊதிப் பார்த்து, குழந்தைகளுக்குக் கதை சொல்லுகிற குரலில் "தாத்தாக்களே" என்று ஆரம்பித்தார். சமீபத்தில் சவரம் செய்துகொள்ளும்போது சிலருக்கு வெட்டுப் பட்டிருக்கிறது. வயதானால் கை நடுங்குவது இயற்கை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனவே வரும் திங்கட்கிழமை முதல் எல்லோரும் ரேசரை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். உதவியாளர் மெஷினோடு வருவார். வராந்தாவில் நாற்காலி போட்டு, வரிசையாக உட்காரவைத்து, எல்லோருக்கும் மழித்துவிடுவார். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று அவர் அழுத்திச் சொன்னபோதெல்லாம் மைக் கீச்சிட்டது.

கண்டக்டர் கன்னத்து பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் நின்று, நெரிசலுக்கு நடுவே டிக்கெட் கிழித்தே ஓய்வு பெற்றவர் அவர். இப்போது டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பக்கத்தில் இருந்த ரிஜெக்ட் அதைப் பார்த்தார். பார்த்தவுடன் எழுந்துவிட்டார்.

ரிஜெக்ட் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். ஒழுகும் குழாயைத் தள்ளுவார். ஒழுகாத குழாயையும், மூக்கில் ஒரு புள்ளி இருக்கிறது என்று தள்ளுவார். அவர் விடுப்பில் போனால்தான் லாரி நிரம்பும் என்று தொழிற்சாலையில் பேச்சு. வீட்டிலும் அதே கதைதான். "என் மாப்பிள்ளைய அப்பா பாஸ் பண்ணல, ரிஜெக்ட் பண்ணாம விட்டாரு, அவ்வளவுதான்" என்று அவர் மகள் இன்றும் சொல்லுவாள். அந்த மாப்பிள்ளை பேரன் எடுத்துவிட்டார். தீர்ப்பு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் கூடத்தில் எழுந்து நின்று, குற்றம் கையில் இல்லை, ரேசரில் இருக்கிறது என்று சொன்னார்.

கூடத்தில் ஸ்பூன் சத்தம் நின்றது. ஏனென்றால் அந்த ரேசர் சாதாரண ரேசர் இல்லை. செம்மல் கொடுத்தது. செம்மல் என்பவர் பிளாஸ்டிக் வாளி செய்து பெரிய மனிதர் ஆனவர். கொடைச்செம்மல் என்ற பட்டத்தைத் தனக்குத் தானே, ஆனால் மேடையில், வழங்கிக்கொண்டவர். இல்லத்தில் உள்ள சுவர்க்கடிகாரம், குப்பைக்கூடை, சக்கர நாற்காலி எதைத் திருப்பினாலும் அவர் பெயர் இருக்கும். போன மாதம் தன் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு சேஃப்டி ரேசர் கொடுத்தார். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடைப் போட்டுத் திருகும் வகை. பட்டம், முதலெழுத்து, பெயர், அன்பளிப்பு என்ற சொல் எல்லாமாகச் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஏறின. பழைய ரேசர்களையெல்லாம் ஒரு வாளியில் வாங்கி, வாளியும் செம்மலுடையதுதான், போட்டோ எடுத்துக்கொண்டு, பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

செம்மல் ரேசரைப் பற்றி ரிஜெக்ட் ஒரே ஒரு நல்ல வார்த்தைதான் சொல்லியிருந்தார். ஈரக்கையில் வழுக்காமல் பிடிக்க உதவுவது அதில் செதுக்கியிருக்கும் பெயர் மட்டுமே என்பது அது.

அன்று அவர் மேலாளரின் மேசைக்கே போய், சட்டைப்பையிலிருந்த செம்மல் ரேசரில், மாத்திரை அட்டையிலிருந்து உரித்த ஈயத்தாளை வைத்துக் காட்டினார். பிளேடுக்கும் அடித்தட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு பக்கம் ஒற்றைத் தாள்கூட நுழைய மறுத்தது. மறுபக்கம் அதே தாளை மூன்றாக மடித்தாலும் தாராளமாகப் போய் வந்தது. மேல்மூடியின் வார்ப்பு கோணல். அதனால் பிளேடு சாய்ந்து உட்காருகிறது. ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுங்காத கையாக இருந்தாலும் அந்த மூலை கன்னத்தைக் கேட்காமல் விடாது என்று விளக்கினார்.

மேலாளர் ஈயத்தாளைப் பார்க்கவில்லை. யார் காதில் விழுந்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். செம்மல் கொடுத்ததில் குற்றம் என்று சொல்லுகிறீர்களா என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மைக்கைத் திறந்து, தாத்தா இவ்வளவு ஆர்வமாக இருப்பதால் ஒரு வாய்ப்புத் தருவதாக அறிவித்தார். யாரையும் வெட்டாத ரேசர் ஒன்றை, இங்கே இருப்பவர்கள் தங்கள் கைச்செலவுக்குள் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்றை, சனிக்கிழமைக்குள் காட்டினால் பார்க்கலாம். பார்க்கலாம் என்று அவர் சொன்னால் முடியாது என்று பொருள். கொஞ்சம் மரியாதை சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ரிஜெக்ட் அன்றே மகளுக்குப் போன் போட்டார். கடைவீதியில் இருக்கிற மலிவான சேஃப்டி ரேசர் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கி வரச் சொன்னார். அழகாக இருக்கிறதே என்று எதையும் எடுக்காதே, விலை குறைவாக இருக்கிறதே என்று எதையும் விட்டுவிடாதே என்றார். மகள் மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். "அப்பா, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. வீட்டுல எத்தனை ஆம்பளைங்கன்னு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு, அப்பா வேலையில் இறங்கினால் பக்கத்தில் இருக்கக் கூடாது என்ற அனுபவத்தில் உடனே கிளம்பிவிட்டாள்.

பெட்டிகளைப் பார்த்தால் அரசவை கூடியதுபோல் இருந்தது. ஒன்றில் சிங்கம். ஒன்றில் கிரீடம். ஒன்றில், வாழ்நாளில் ஒரு முடி முளைத்திராத வழுவழுப்பான முகத்தோடு ஒரு கனவான். பெட்டியில் சிங்கம் பெரிதாகப் பெரிதாக உள்ளே ரேசர் சின்னதாகும் என்பது ரிஜெக்ட்டின் கணிப்பு. அது தப்பவில்லை.

சிங்கத்தின் முலாம் நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. தள்ளினார். கிரீடத்தின் கைப்பிடியில் மரை சரியாக வெட்டப்படவில்லை. இரண்டு சுற்றுத் திருகியதும் இறுகிவிட்டதுபோல் நடித்தது, ஆட்டினால் தலை ஆடியது. தள்ளினார். கனவான் ரேசர் நல்ல கனம். கண்டக்டர் அதைக் கையில் எடுத்ததும் விடமாட்டேன் என்றார், இதல்லவா சாமான் என்றார். ரிஜெக்ட் வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ கடகடத்தது. கனமாகத் தெரியட்டும் என்று குழல் கைப்பிடிக்குள் ஒரு இரும்புத் துண்டைப் போட்டு அடைத்திருந்தார்கள். அடிப்பக்கக் குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவும் திறக்கிற வகை ஒன்று இருந்தது. ஒரு கதவு மூடிய பிறகு இன்னொரு கதவு யோசித்து மூடியது. இன்னொன்றின் விளிம்பில் பஞ்சை ஓட்டிப் பார்த்தார். பிசிறு பஞ்சைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியாக, படமே இல்லாத காக்கி அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்று வந்தது. முலாம் மழைக்கால வானம்போல் மங்கல். கைப்பிடியில் வார்ப்பின் கோடு அப்படியே தெரிந்தது. கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கைப்பிடி ஒரு மயிரிழை வளைவு. அதையும் தள்ளினார்.

மதிய வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தபோது தள்ளப்பட்டவை ஒரு குவியலாகக் கிடந்தன. தேறியவை வைப்பதற்கென்று அவர் விரித்திருந்த கைக்குட்டை துவைத்தது துவைத்தபடி இருந்தது. ரிஜெக்ட்டுக்குத் திருப்தி. கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றார் கண்டக்டர்.

"முடிஞ்சுது. எல்லாம் குப்பை."

"அப்ப மேலாளர்கிட்ட என்னத்தைக் காட்டுவ? கைக்குட்டையையா?"

ரிஜெக்ட் கைக்குட்டையை மடித்தார்.

"யோவ், ஒண்ணு சொல்றேன் கேளு. அவன் என் கையை ரிஜெக்ட் பண்ணான். நீ ரேசர் பூராத்தையும் ரிஜெக்ட் பண்ற. ரெண்டு பேரும் சேந்து திங்கட்கிழமை என்னைக் கொண்டுபோய் அந்த நாற்காலியிலதான் உக்காரவைக்கப் போறீங்க. இதுக்கு அவனே தேவலை. நாலு வார்த்தையில முடிச்சிட்டான்."

சொல்லிவிட்டுக் கண்டக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு படுத்தார்.

ரிஜெக்ட் குவியலைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ குவியல் பார்த்தவர்தான். ஆனால் தொழிற்சாலையில் அவர் தள்ளியதற்குப் பதிலாக வேறு குழாய் வந்துகொண்டே இருக்கும். யாரும் தண்ணீர் இல்லாமல் செத்துவிட மாட்டார்கள். இங்கே வேறு எதுவும் வராது. வருவது மெஷின்தான். முகத்தை யாரோ ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, மோவாயைத் தூக்கு தாத்தா, திரும்பு தாத்தா என்று அவன் சொல்லச் சொல்லத் திரும்ப வேண்டும். அதை நினைத்ததும் அவருடைய கழுத்து தானாகவே விறைத்தது.

சட்டென்று எழுந்து குவியலை மறுபடி பிரித்தார். இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டார். இந்தக் குற்றம் வெட்டுமா, கண்ணை மட்டும் உறுத்துமா? உரியும் முலாம் நாளைக்குச் செதிளாகிக் கன்னத்தைக் கீறும், வேண்டாம். ஆடும் தலை வெட்டும். கதவு சேராதது வெட்டும். பிசிறு வெட்டும். கடகடப்பது வெட்டாது, ஆனால் பொய் சொல்லுகிறது. பொய் சொல்லும் சாமானை அவரால் மன்னிக்க முடியவில்லை. மிஞ்சியது காக்கிப் பெட்டிக்காரன். மங்கல் வெட்டுமா? வெட்டாது. வார்ப்புக்கோடு? விரலுக்குப் பிடிமானம். வளைவு? அதைக் கன்னம் எங்கே பார்க்கப்போகிறது?

புது பிளேடைப் போட்டுத் திருகினார். மரை கடைசிவரை ஒரே சீராக ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்தார். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு எட்டிப் பார்த்தது. ஈயத்தாள் இந்தப் பக்கமும் ஒற்றையாகப் போனது, அந்தப் பக்கமும் ஒற்றையாகப் போனது. பஞ்சு தடையில்லாமல் ஓடியது. வாஷ்பேசினுக்குப் போய்த் தன் முகத்திலேயே பார்த்தார். கழுத்துக்குழியில், முடி சுழித்து வளரும் இடத்தில், எந்த ரேசரும் ஒருமுறை முகம் சுளிக்கவைக்கும். இது சத்தம் போடாமல் கடந்து போனது.

"என்ன ஆச்சு?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் கண்டக்டர்.

"சுமார்."

"சுமார்னா பாஸா?"

"சுமார்னா சுமார். நீ ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன்."

"எனக்கு வேணாம்" என்றார் கண்டக்டர். திரும்பவே இல்லை.

சனிக்கிழமை காலை ரிஜெக்ட் காக்கிப் பெட்டி ரேசர், செம்மல் ரேசர், பிரஷ், சோப்பு, ஒரு கிண்ணம் வெந்நீர் எல்லாவற்றையும் தட்டில் வைத்து மேலாளர் அறைக்குக் கொண்டுபோனார். வேடிக்கை பார்க்கவாவது வா என்று கண்டக்டரையும் கிளப்பிக்கொண்டு போனார். செய்தி முன்பே பரவியிருந்தது. வாசலில் பாதி இல்லம் நின்றது. சமையல்கட்டு அம்மா கரண்டியோடு வந்திருந்தார்.

ரிஜெக்ட் காரணங்களையெல்லாம் சொன்னார். மேலாளர் தன் நாற்காலியில் சாய்ந்து, பேனாவை மூடித் திறந்து, எல்லாவற்றையும் புன்னகையோடு கேட்டார். பிறகு, ரேசர் நல்லதாகவே இருக்கட்டும், தாத்தா கையை நீட்டுங்கள் என்றார். ரிஜெக்ட் நீட்டினார். விரல்நுனி ஆடியது. கண்டக்டரையும் நீட்டச் சொன்னார். கண்டக்டரின் கை இன்னும் கொஞ்சம் ஆடியது. பார்த்தீர்களா என்பதுபோல் மேலாளர் வாசலைப் பார்த்தார். ரேசரை மாற்றலாம், வயதை மாற்ற முடியுமா என்று கேட்டார். இந்த வரியை மைக் இல்லாமல் வீணாக்கிவிட்டோமே என்ற வருத்தம் அவர் முகத்தில் லேசாகத் தெரிந்தது.

"காத்துல ஆடும் சார்" என்றார் ரிஜெக்ட். "காத்துல யாரும் சவரம் பண்றதில்ல. ஒரு கன்னம் குடுங்க, காட்டறோம்."

"யாரு கன்னம்?"

"உங்க கன்னம்தான். ரேசர் குடுத்த விழாவுல நீங்கதானே மைக்குல சொன்னீங்க, இவங்க எல்லாம் என் குடும்பம், என் உயிரையே இவங்க கையில குடுப்பேன்னு. உயிர் வேணாம் சார். ஒரு கன்னம் போதும்."

வாசலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மேலாளர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்தினார். அவர் உயிரைக் கொடுக்கிறேன் என்று சொன்ன அன்று கைதட்டியவர்கள் எல்லோரும் இன்று வாசலில் நின்றார்கள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் செம்மலின் பெயர்தான் தெரிந்தது. கடைசியில் சட்டைக் காலரை உள்ளே மடித்துக்கொண்டு, சீக்கிரம் என்றார்.

ரிஜெக்ட் பிரஷ்ஷை நனைத்து நுரை கிளப்பி, மேலாளரின் இரண்டு கன்னத்திலும் பூசினார். பூசி முடித்து, காக்கிப் பெட்டி ரேசரை எடுத்தார். எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

கண்டக்டர் பின்வாங்கினார். மேலாளரும் பின்வாங்கியிருப்பார், நாற்காலி சுவரை ஒட்டிக் கிடந்தது.

"நான் எதுக்குய்யா? நீ பண்ணு" என்றார் கண்டக்டர்.

"குற்றம் சாட்டுனது உன் கைய. என் கைய இல்ல."

கண்டக்டர் ரேசரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில், "சரி, நான் வைக்கிறேன். ஆனா இது சுமார் கிமார்னு சொன்ன சாமானை நான் இன்னொருத்தர் மூஞ்சியில வைக்க மாட்டேன். நீ உன் வாயால சொல்லு. பாஸா?" என்றார்.

ரிஜெக்ட்டும் ரேசரைப் பார்த்தார். மங்கல் கண்ணில் பட்டது. வார்ப்புக்கோடு கண்ணில் பட்டது. அந்த வளைவு, சொல்லப்போனால், முந்தாநாள் பார்த்ததைவிடக் கூடுதலாகவே தெரிந்தது. பணி ஓய்வு விழாவில்கூட, போட வந்த மாலையில் வாடிய பூவைப் பிய்த்து எடுத்துவிட்டுத்தான் கழுத்தைக் கொடுத்தவர் அவர். இந்தச் சொல் அவர் வாயில் ஒருநாளும் முழுசாக உருண்டதில்லை. நுரை மேலாளரின் மோவாயிலிருந்து சொட்டியது.

"பாஸ்" என்றார்.

"சத்தமா."

"பாஸ்யா. நான் பொறுப்பு. வை."

கண்டக்டர் வாங்கினார். காற்றில் வந்தவரை கை ஆடித்தான் வந்தது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரலைத் தாடையில் ஊன்றியதும் ஆட்டம் நின்றது. ரேசரின் தலையைக் கன்னத்தில் படுக்கவைத்து, கைப்பிடியை மெல்லத் தாழ்த்தி, பிளேடு தொடும் இடம் வந்ததும் அதே சாய்வில் நிறுத்தினார். அழுத்தவில்லை. காதோரத்திலிருந்து கீழே ஒரு இழுப்பு; அலசல்; அடுத்த இழுப்பு. சின்னச் சின்னதாக, இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகாமல் இழுத்தார். சரக் சரக்கென்ற அந்தச் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை. தாடை வளைவில் தோலை இடது கையால் இழுத்துப் பிடித்துத் தாண்டினார். கன்னம் முடிந்தது. சமையல்கட்டு அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்து, ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்று வாசலுக்குச் செய்தி வாசித்தார்.

இப்போது ரிஜெக்ட் செம்மல் ரேசரை எடுத்தார். அதிலும் புது பிளேடு போட்டிருந்தார். கைப்பிடியிலிருந்த பெயர் மேலாளருக்குத் தெரியும்படி திருப்பி, கண்டக்டரிடம் கொடுத்தார்.

"இந்தக் கன்னத்துக்கு இது."

மேலாளர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். எழுந்துவிட்டார்.

"ஏன் சார்? கை அதே கைதான். இப்ப பாத்தீங்களே" என்றார் ரிஜெக்ட்.

ஒரு பக்கம் வழுவழுப்பாக, மறுபக்கம் நுரையோடு, மேலாளர் நின்றார். சொல்லுவதற்கு அவரிடம் எவ்வளவோ இருந்திருக்கும். பாதி நுரையோடு எதைச் சொன்னாலும் எடுபடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்தார்.

"அதுலயே முடிச்சிடுங்க ஐயா" என்றார்.

தாத்தா ஐயாவானதை வாசலில் எல்லோரும் கவனித்தார்கள். கண்டக்டர் செம்மல் ரேசரைத் தட்டில் வைத்துவிட்டு, காக்கிப் பெட்டி ரேசரை எடுத்து, விட்ட வேலையைத் தொடர்ந்தார்.

செம்மலின் ரேசர்கள் அன்று மாலையே கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கப்பட்டன. விலைமதிப்பற்ற அன்பளிப்பைத் தினசரி உபயோகத்தில் தேய்த்துவிடக் கூடாது என்று மேலாளர் மைக்கில் காரணம் சொன்னார். அலமாரியில் அவை யாரையும் வெட்டவில்லை. செம்மலுக்கும் பெயர் தெளிவாகத் தெரிந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமை காக்கிப் பெட்டிகள் ஒரு மூட்டை கொண்டுவந்தாள். ரிஜெக்ட் ஒவ்வொன்றிலும் ஈயத்தாள் ஓட்டி, சிலவற்றைக் கடைக்கே திருப்பி அனுப்பினார். மற்றவற்றை வாய் திறந்து பாஸ் என்று சொல்லி, ஆளாளுக்குக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வரி கட்டுகிறவர்போல் சொன்னார், ஆனால் சொன்னார்.

திங்கட்கிழமை காலை குளியலறையில் வாஷ்பேசின் வரிசை முழுக்க நுரை முகங்கள். மெஷின் உதவியாளர் வராந்தாவில் நாற்காலியைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். ரிஜெக்ட் தன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதைவிடப் பக்கத்து முகங்களைத்தான் அதிகம் பார்த்தார். சாய்வு அதிகம், அழுத்தாதே, அலசு என்று ஒரு கண்ணால் உத்தரவு போட்டுக்கொண்டே இழுத்ததில், மோவாய்க்குக் கீழே சுருக்கென்றது. வெள்ளை நுரையில் சிவப்பு இறங்கியது.

முதலில் பார்த்தது கண்டக்டர். அவர் கை நின்றது. அடுத்தவர் கை நின்றது. வரிசை முழுக்க ரேசர்கள் கன்னத்தைவிட்டு இறங்கின. குளியலறை வாசலில், எல்லாம் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்த மேலாளர் நின்றுகொண்டிருந்தார்.

"ரேசரா, கையா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ரிஜெக்ட் ரேசரைக் குழாயில் அலசி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார். பிளேடு நேராகத்தான் இருந்தது. ஒரு சாமான்மேல் பழி போடுவது அவருக்கு மூச்சு விடுவதுபோல. கைப்பிடி வளைவு என்று ஒரு வார்த்தை போதும், யாரும் மறுக்க மாட்டார்கள்.

"கை" என்றார். "என் கைதான். ரேசர் நல்லா இருக்கு."

காயத்தில் ஒரு கை தண்ணீர் அடித்தார். மறுபடி நுரை பூசி, மோவாயைத் தானாகத் தூக்கி, விட்ட இடத்திலிருந்து இழுத்தார். பக்கத்தில் கண்டக்டர் சுண்டுவிரலைத் தாடையில் ஊன்றினார். அதற்கு அடுத்தவர் அலசினார். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க மறுபடி அந்தச் சரக் சரக் கேட்க ஆரம்பித்தது. வராந்தாவில் உதவியாளர் மெஷின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.